பதினான்காம் கட்டிலுக்கு வந்த சம்பந்திமார்

முதலில் கழன்றது செருப்புத்தான்.

நிந்தவூரில் எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கிற கடைக்குத் தேயிலை வாங்கப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டு சரீனா வாசலில் நின்று, “மாமி, இடத்துக் கால் செருப்பு எங்க?” என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு, இடது காலில் மண். எங்கே விட்டேன், எப்போது விட்டேன் என்று கால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. “வயசு போனா எல்லாம் கழரும் மகள்” என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்போது காலை பத்து மணி.

பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் சோர்ந்து போதல்) வந்து படுத்திருக்கிறவர்களுக்கும், அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்குப் போனது இடது பக்கம். எழுதுகிற கை மிஞ்சிவிட்டது. குவைத்தில் என்னோடு வேலை செய்த பெண்களுக்கு, கைத்தொலைபேசி வருவதற்கு முன்னால், நான்தான் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதனால் இந்த வேலை எனக்குப் புதிதில்லை. என் சொந்தக் கதையை எழுதுவதுதான் புதிது.

அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் செய்யவே கூடாத காரியம் இது. இடது கை விரல்கள் மரத்திருந்தன. போய்ப் படுத்துக்கொண்டேன். மகள் றிஸ்மியா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எட்டடி தூரம் இருக்கும். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. ஏன் பிள்ளைக்குக் கரைச்சல் கொடுப்பான் என்று இருந்துவிட்டேன்.

இந்தப் புத்தி குவைத்தில் வந்தது. இருபத்தாறு வருடம் அங்கே வீட்டு வேலை செய்தேன். வேலைக்காரிக்கு நோய் என்றால் மருந்துக்கு முன்னால் விமானச் சீட்டு வந்துவிடும். அதனால் காய்ச்சலோடு தரை துடைப்போம், இடுப்பு நாரிப் பிடிப்போடு கம்பளம் உதறுவோம். “என்ன, முகம் வாடியிருக்கிறது?” என்று மேடம் கேட்டால் வெங்காயம் உரித்தேன் என்போம். நோயை மறைப்பதற்கு ஒரு பரீட்சை வைத்தால் நாங்கள் எல்லோரும் முதலாம் பிரிவில் சித்தியடைந்திருப்போம்.

நான் பிறந்தது வரிப்பத்தான்சேனையில். வயல் ஊர். றிஸ்மியாவுக்கு நாலு வயதில் அவளுடைய வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடிவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டி வைத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். அந்த வீட்டுக்காகத்தான் மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் பறந்தேன். நல்ல மாப்பிள்ளை அமைந்தார், கணக்குப் படிப்பிக்கிற மாஸ்டர், குரலே உயராத மனிதர். அவருடைய வாப்பாதான், “ஊடு கரைப் பக்கம், பெரிய றோட்டோட இரிந்தா நல்லம்” என்றார். ஆகவே வீடு கடற்கரை ஊரான நிந்தவூரில் எழும்பியது. அதற்காக இன்னும் எட்டு வருடம் குவைத்தில் இருந்தேன். அறுபத்தொரு வயதில் திரும்பி வந்தபோது, நான் கட்டிய வீட்டில் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று மகள்தான் எனக்குக் காட்டினாள்.

நிந்தவூர் மனிதர்கள் நல்லவர்கள். கண்டால் ஸலாம் சொல்வார்கள். “எந்த ஊரு? எந்தக் குடி?” என்று கேட்பார்கள். குடி என்பது எங்களுக்குத் தாய்வழி வம்சம். நான் ஊரைச் சொல்வேன், குடியைச் சொல்வேன். “ஆ” என்பார்கள். கதை அதோடு முடிந்துவிடும். ஓர் ஊரில் நாலு பேரைத் தெரிய வேண்டுமென்றால் அவர்களோடு படித்திருக்க வேண்டும், கல்யாண வீட்டில் ஒன்றாக வெங்காயம் உரித்திருக்க வேண்டும், சாவு விழுந்த மையித்து வீட்டில் ஒரே பாயில் இருந்திருக்க வேண்டும். அதையெல்லாம் செய்திருக்க வேண்டிய வயதில் நான் வேறொருவரின் சட்டிபானை கழுவிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் பின்னறையில் இருந்தேன். மகள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நான் ஒரு நாள் வெளியே தலை காட்டாவிட்டால், “எங்க அவ?” என்று கேட்க இந்தக் கரையில் வீட்டுக்கு வெளியே ஓர் ஆள் இல்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. யாரிடம் சொல்வது? சொல்வதற்கு ஆள் இருந்தால் அந்தக் கவலையே இருக்காதே.

மறுநாள் விடியச் சுபஹுத் தொழுகையில் தரையில் நெற்றி வைக்கும் ஸுஜூதுக்குக் குனிந்தவள் இடது பக்கமாகச் சரிந்தேன். எழும்ப முடியவில்லை. றிஸ்மியா ஓடி வந்து தூக்கி இருத்தித் தேத்தண்ணீர் பருக்கினாள். அது கடைவாயால் வழிந்து நெஞ்செல்லாம் ஊற்றியது. அவள் கத்திய கத்தலில் மருமகன் சாரத்தோடு றோட்டுக்கு ஓடி ஓட்டோ பிடித்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் சி.ரி. ஸ்கேன் (தலைக்குள்ளே படம் எடுத்தல்) எடுத்தார்கள். டொக்டர் இளம் பிள்ளை. படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் வந்து நின்றார்.

“உம்மா, எப்ப தொடங்கின?”

“நேத்துப் பத்து மணிக்கு.” நாக்குத் தடித்துக் கிடந்தது. சொல் குழைந்து குழைந்து வந்தது.

“உடன வந்திருந்தா கட்டியக் கரைக்கிற ஊசி போட்டிருக்க ஏலும். அந்த நேரம் போயிட்டு. ஆனாப் பயப்படாதீங்க. சின்ன அடைப்புத்தான். பயிற்சி செஞ்சா நடப்பீங்க.”

“நடந்து எங்க போற டொக்டர்?” என்று கேட்டேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

எங்கள் கரையில் நோயாளியைப் பார்க்கப் போவது பெரிய நன்மை. போகாவிட்டால் பெரிய குறை. ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் குடும்பம் வான் பிடித்துக்கொண்டு போகும். பார்வை நேரத்துக்கு மணி அடித்ததும் வாட்டுக்குள் பிஸ்கட்டும் தோடம்பழமும் பால்மா டின்களுமாக நுழைவார்கள். என் வலப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்குச் சாமான் வைக்க இடம் போதாமல் என் மேசையில் கொஞ்சம் வைக்கலாமா என்று கேட்டார்கள். தாராளமாக வையுங்கள் என்று கையைக் காட்டினேன். என் மேசையில் ஒரு தண்ணீர்ப் போத்தல்தான் இருந்தது. மகளும் மருமகனும் நேரம் தவறாமல் வந்தார்கள். பிறகு இருவரும் என்னைப் போலவே பக்கத்துக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம் நாள் காலையில் யன்னலோரம் இருந்த பதினான்காம் கட்டில் வெறுமையானது. அதில் இருந்தவவை மட்டக்களப்புக்கு மாற்றினார்கள். காற்று வரும் என்று தாதி மிஸ் என்னை அந்தக் கட்டிலுக்கு மாற்றினா. அன்று பகல் பார்வை நேரத்துக்கு றிஸ்மியா வரப் பிந்திவிட்டாள்.

மணி அடித்தது. ஏழு பெண்கள் நேரே என் கட்டிலைப் பார்த்து வந்தார்கள். முன்னுக்கு வந்தவ நல்ல பெரிய உடம்புக்காரி, அறுபது வயது இருக்கும், மாடிப்படி ஏறிய இளைப்பில் வேர்த்துக் கொட்டியது. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கினா.

“யா அல்லாஹ்! எங்கட சம்மந்தி எப்பிடி இரிந்த மனிசி! ஒரு கிழமைக்குள்ள இப்பிடியாப் போகும்!”

பின்னால் நின்ற ஆறு பேரும் அழத் தொடங்கினார்கள்.

விஷயம் எனக்குப் பிறகுதான் முழுதாக விளங்கியது. இவர்கள் மருதமுனைக்காரர். மகனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் உம்மாவை ஒரே ஒரு தடவை, அதுவும் பெண் பார்க்கப் போன கூட்டத்துக்குள் கண்டிருக்கிறார்கள். அவவுக்கு நோய் என்று கேள்விப்பட்டதும், போகாவிட்டால் கல்யாணத்துக்கு முன்னமே மனக்குறை வந்துவிடும் என்று வான் பிடித்து வந்துவிட்டார்கள். ‘பெண்கள் வாட்டு, பதினாலாம் கட்டில்’ என்று கேட்டு வந்தவர்களுக்குப் பதினான்காம் கட்டிலில் முக்காடு போட்ட, வாய் கோணிய ஒருத்தி கிடைத்தாள். வாய் கோணினால் சொந்த மகளுக்கே உம்மாவை அடையாளம் தெரிய ஒரு நொடி எடுக்கும்.

இங்கேதான் நான் ஒரு பிழை செய்தேன். ஆள் மாறிவிட்டது என்று எனக்கு உடனே தெரிந்தது. நாக்கு குழறினாலும் ‘நான் இல்ல’ என்று இரண்டு சொல்லைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண் என் மரத்துப் போன இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவ ஆரம்பித்தா. வாயை மூடிக்கொண்டேன்.

ஒருத்தி காலைப் பிடித்துவிட்டாள். ஒருத்தி முடியை வாரினாள். இன்னொருத்தி யாஸீன் ஓதினாள். பெரிய உடம்புக்காரி என் காதுக்கருகில் குனிந்து மெதுவாகச் சொன்னா:

“சம்மந்தி, ஊட்டு வேல முடியல்ல எண்டு யோசிச்சுத்தானே இந்த வருத்தம் வந்த? சுவர் பூசாட்டியும் காரியமில்ல. எங்கட புள்ள வந்து இரிப்பான். நீங்க சுகமாகி எழும்புங்க. எங்களுக்கு அது போதும்.”

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருடம். சுவருக்கு ஒரு வருடம், கூரைக்கு ஒரு வருடம், தரை ஓட்டுக்கு ஒரு வருடம் என்று இருந்தேன். ஒருவராவது எனக்கு, ‘பூசாட்டியும் காரியமில்ல, நீ வா’ என்று சொல்லியிருந்தால்! சொன்னது எனக்கில்லை என்று தெரியும். தெரிந்தும் அந்தச் சொல்லை நான் எடுத்துக்கொண்டேன். குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவ பயந்து போய்க் கரண்டியால் தண்ணீர் பருக்கினா.

இப்படி அரை மணித்தியாலம் போனது. அப்போது றிஸ்மியா சோற்றுக் கரியரோடு வந்து வாசலில் திகைத்து நின்றாள்.

“உம்மா, இவங்க ஆரு?”

“நாங்க மாப்புள ஊட்டுக்காரர் மகள்” என்றாள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள்.

“எந்த மாப்புள?”

அதற்குப் பிறகு வாட்டு ஒரு கல்யாண வீடுதான். ஒருத்தி மிஸ்ஸிடம் ஓடினாள், வந்து தலையில் கை வைத்தாள். மற்றவர்கள் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பெரிய உடம்புக்காரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து சிரித்தா. அவவின் பெயர் உம்முசல்மா.

“நோயாளியப் பாக்க எண்டு நிய்யத்து வெச்சி வந்த. பாத்தாச்சு. இதுல என்ன வெக்கம்?” என்றா. பிறகு கொண்டு வந்த சாமானைப் பார்த்தா. உண்மையான சம்பந்தியைப் பார்க்க மட்டக்களப்புக்கு வெறுங்கையோடு போக முடியாதே. “மா டின் ரெண்டும் அவவுக்கு. பிஸ்கட்டும் தோடம்பழமும் ஒங்களுக்கு” என்று அந்த இடத்திலேயே பிரித்தா. போகும்போது றிஸ்மியாவின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கினா. “பாத்த நோயாளிய நடுவுல உட்டுட்டுப் போறது சரியில்ல மகள்.”

“ஏன் உம்மா ஆள் மாறின எண்டு சொல்லல்ல?” என்று றிஸ்மியா கேட்டாள். நான் நாக்கைத் தொட்டுக் காட்டினேன். பச்சைப் பொய்.

வீட்டுக்கு வந்த பிறகு பிசியோதெரபிக்கு (பயிற்சியால் தசைகளைத் திரும்ப எழுப்பும் வைத்தியம்) கிளினிக் போனோம். அங்கே பயிற்சி தந்தது காரைதீவைச் சேர்ந்த ஓர் இளம் பெண்பிள்ளை. என்னை அம்மா என்று கூப்பிடும். முதல் நாளே என் காலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டது.

“அம்மா, நடக்கத் தொடங்கினா முதல்ல எங்க போகப் போறீங்க?”

டொக்டரிடம் நான் கேட்ட அதே கேள்வியை இந்தப் பிள்ளை எனக்குத் திருப்பிப் போட்டது. ஹஜ்ஜுக்கு என்று சொல்வேன் என்று றிஸ்மியா எதிர்பார்த்திருப்பாள்.

“மருதமுனைக்கு” என்றேன்.

“எப்பிடிப் போவீங்க?”

“பஸ்ஸுல. தனிய.”

எங்கள் வழக்கப்படி, வந்து பார்த்தவர்களைச் சுகமானதும் போய்ப் பார்க்க வேண்டும். அது ஒன்று. ஆள் மாறியது தெரிந்தும் மறைத்த பொய்யை என் வாயாலேயே உம்முசல்மாவிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அது மற்றது. சொன்னால் அவ முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அப்படி நடந்தால் இந்தக் கரையில் எனக்கிருக்கிற ஒரே ஆளும் போய்விடும். ஆனாலும் ஓட்டோவில் தூக்கிக்கொண்டு போய் இறக்கப்பட்ட ஒருத்தியாக நின்று அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அந்தப் பிள்ளை மருதமுனையைத் துண்டு துண்டாக வெட்டித் தந்தது. கட்டிலிலிருந்து கதிரை. கதிரையிலிருந்து வாசல். வாசலிலிருந்து கேட். கேட்டிலிருந்து ஒழுங்கை முனை. கடைசியாக பஸ் மிதிபலகை. படி ஏற ஒரு விதி இருக்கிறது, நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோய்க் கால் முதலில்.

“இது எங்களுக்கு முன்னமே தெரியும் மகள்” என்றேன். பள்ளிவாசலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வலது காலை வைத்து ஏறுவோம். பள்ளியை விட்டு வெளியே இறங்கும்போது இடது கால். அந்தப் பிள்ளைக்கும் ஒரே சிரிப்பு. சிக்கல் கழிப்பறையில்தான் வந்தது. அங்கே இடது காலை வைத்து நுழைவது வழக்கம். எங்கள் கழிப்பறைக்கு ஒரு படி உயரம். இடது காலை வைத்து ஏறினால் விழுவேன், வலது காலை வைத்தால் மனம் கேட்காது. அவசரமான நேரத்தில் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். மருமகன் வெளியே இருந்து குரல் கொடுத்தார்.

“மாமி, நோயாளிக்கு மார்க்கத்தில சலுகை இரிக்கி. வலத்துக் கால வெச்சே போங்க.”

அந்த மனிதர் அதற்கு முன் என்னோடு அவ்வளவு நீளமாகக் கதைத்ததில்லை.

உம்முசல்மா வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி எடுத்தா. அவவுக்கு இரகசியம் கதைக்கவும் உரத்த குரல்தான். “சம்மந்தி, இண்டைக்கி என்ன ஆணம்?” என்று குழம்பிலிருந்து தொடங்குவா. விஷயம் தெரிந்த பிறகும் சம்பந்தி என்பதை விடவில்லை. நாக்குத் தடுமாற்றத்துக்குச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். வாசிப்பதைவிட இவவுக்கு மறுமொழி சொல்வது நல்ல பயிற்சி. இடையில் புகுந்து சொல்லாவிட்டால் சொல்லவே இடம் கிடைக்காது. இரண்டு மாதத்தில் என் ‘ழ’வும் ‘ற’வும் திரும்பி வந்தன.

ஒழுங்கையில் நடக்கத் தொடங்கிய கிழமை ஒரு தரம் விழுந்தேன். இடது கால் விரல் மண்ணில் கொளுவிவிட்டது. மூன்று வீட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். சரீனா என்னைத் தன் வீட்டுக் கதிரையில் இருத்தி முழங்காலுக்கு மருந்து போட்டாள்.

“மாமி, நீங்க வெளிநாட்டுல இரிந்த ஆள். எங்களோட எல்லாம் கதைக்க மாட்டீங்க எண்டு நெனச்சம்.”

“நீங்கதான் என்னோட கதைக்க மாட்டீங்க எண்டு நான் நெனச்சன்.”

மூன்று வருடம் பத்தடி ஒழுங்கைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டு பேருமே நல்ல விசரிகள். அதற்குப் பிறகு சரீனாவின் கதிரை எனக்குக் கேட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஓய்வு எடுக்கும் இடமாகிவிட்டது.

ஆறாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசி வரவில்லை. நானே எடுத்தேன். மாமியைப் பார்க்க வந்திருந்த அவவின் மருமகள் கதைத்தாள். அவள்தான் அந்தக் கல்யாணப் பெண். கல்யாணம் முடிந்திருந்தது, அவளுடைய உம்மாவும் சுகமாகியிருந்தா. மாமிக்குக் கண்ணில் வெண்படலம் (கண் வில்லை மங்கிப் போதல்) எடுத்து, கட்டுப் போட்டிருக்கிறது என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டு மகளிடம் சொன்னேன்: “நாளைக்கி நான் மருதமுனைக்குப் போறன்.”

றிஸ்மியா தானும் வருவதாக அடம் பிடித்தாள். பஸ் நிறுத்தம் வரை வர விட்டேன். பஸ் வந்தது. கொண்டக்டர் “ஏறுங்க ஏறுங்க” என்று அவசரப்படுத்தினான். “மனே, என்ட இடத்துக் கால் கொஞ்சம் பிந்தித்தான் வரும். பொறுங்க” என்றேன். வலது கால் மேலே. கம்பியைப் பிடி. இடுப்பைத் தூக்கு. இடது கால் வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த ஒரு தமிழ் அம்மா எழும்பி எனக்கு இடம் தந்தா. காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு என்று ஒவ்வொரு இடமாகப் போனபோது எனக்குக் குவைத்துக்கு முதல் தடவை பறந்த நாளைவிடக் கூடுதலாக நெஞ்சு அடித்தது.

உம்முசல்மா வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஒற்றைக் கண்ணில் கட்டோடு கட்டிலில் இருந்து எல்லோருக்கும் கட்டளை இட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் கத்தினா.

“நடந்தா வந்தீங்க?”

“பஸ்ஸுல.”

“இவ ஆரு?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“என்ட சம்மந்தி.”

“எந்தப் புள்ளைட?”

“புள்ளையே இல்லாத சம்மந்தி. பேசாம இரிகா.”

பகல் ளுஹர்த் தொழுகைக்கு எல்லோரும் எழும்பிப் போன பிறகு கட்டிலோரம் போய் இருந்தேன். கொண்டு போன தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

“ஒங்களுக்கு ஒரு பொய் சொல்லிட்டன். அண்டைக்கி எனக்கு நாக்கு வந்திச்சி. ஆள் மாறிட்டு எண்டு சொல்ல ஏலும். சொல்லல்ல.”

“ஏன்?”

“சொன்னாக் கைய எடுத்திருவீங்க எண்டு.”

அவவின் தோள் குலுங்கியது. அழுகிறா என்று பயந்து போனேன். சிரிப்பு. சிரிக்கக் கூடாது என்று கண் டொக்டர் சொல்லியிருந்தாராம்.

“எனக்கும் தெரியும்” என்றா.

“என்ன தெரியும்?”

“நீங்க சம்மந்தி இல்ல எண்டு. தண்ணி பருக்கினன்தானே? வாயத் தொறந்த நேரமே தெரிஞ்சி போச்சு. அவவுக்கு முன்பல்லு ரெண்டும் தங்கம். எனக்கு வெண்படலந்தான் கா, குருடு இல்ல.”

“அப்ப ஏன் சொல்லல்ல நீங்க?”

“ஆறு பொம்புளையள் அழுதுக்கிட்டு இரிக்காங்க. நடுவுல எழும்பி, இவ இல்ல, அழுறத நிப்பாட்டுங்க எண்டா சொல்ற?” சிரிப்பு அடங்கியதும் என் இடது கையை எடுத்துக்கொண்டா. “மறுகா ஒங்கட மேசையப் பாத்தன். ஒரு தண்ணிப் போத்தல் மட்டும் கெடந்திச்சி. சுவர் பூசாட்டியும் காரியமில்ல எண்டு சொன்னதுக்கு ஒரு மனிசி அப்பிடி அழுவாளா? இவவ உட்டுட்டு எப்பிடி எழும்பிப் போற?”

அந்தச் சொல்லை அவ உண்மையான சம்பந்திக்கும் அப்படியே சொல்லியிருக்கிறா. பூசாத சுவரோடுதான் கல்யாணம் நடந்தது. ஒருவர் சொன்னதை மாற்ற முடியாதாம், அதுவும் நோயாளியின் தலைமாட்டில்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நான் மருதமுனைக்குப் போகிறேன். உடம்பைப் பற்றிக் கேட்டீர்களென்றால், இடது கால் இன்னும் அரை நொடி பிந்தித்தான் வருகிறது. முன்பு அதை ஏசுவேன். இப்போது நின்று கூட்டிக்கொண்டு போகிறேன். இடது கையால் பொத்தான் போட முடிகிறது, ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. அதற்குச் சரீனா இருக்கிறாள்.

காலமும் மாறிவிட்டது. குவைத்தில் காலம் இரண்டு வருட ஒப்பந்தமாக வந்தது, அடுத்த விடுமுறை வரைக்கும் வாழ்வை ஒத்தி வைத்துக்கொண்டே போனேன். திரும்பி வந்த பிறகும் என் தொலைபேசியில் இரண்டு மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று இந்த ஊர் நேரம், மற்றது இரண்டரை மணித்தியாலம் பிந்திய குவைத் நேரம். ‘இப்போது மேடத்தின் பிள்ளைகள் சாப்பிடும் நேரம்’ என்று அதைப் பார்ப்பேன். அந்த மணிக்கூட்டை எப்போது அழித்தேன் என்று யோசித்தால் ஞாபகம் வருவதில்லை. இப்போதெல்லாம் கிழமை வேகமாக ஓடுகிறது. வியாழக்கிழமை வந்தால் என்ன கொண்டு போவது என்ற யோசனை தொடங்கிவிடும்.

போன வெள்ளிக்கிழமை நல்ல மாரி மழை. ஒழுங்கை முழுக்க வெள்ளம். கால் வழுக்கும் என்று போகவில்லை. பின்னேர அஸர்த் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கேட்டில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. தலையில் பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு உம்முசல்மா இறங்கினா. உள்ளே வந்து ஸலாம் சொன்ன கையோடு ஏச்சும் தொடங்கியது.

“வராட்டி ஒரு கோல் எடுத்துச் சொல்ல ஏலாதா? மூண்டு பஸ்ஸு வந்து போயிட்டு, மூண்டுலயும் நீங்க இல்ல. உழுந்துட்டாவோ, ஆஸ்பத்திரியோ எண்டு சோறு கூட எறங்கல்ல எனக்கு. எங்க போன நீங்க?”

“எங்கயும் போகல்ல. மழ.”

“மழைக்கி ஃபோனும் நனஞ்சிட்டா?”

குவைத்தில் நான் நிறைய ஏச்சு வாங்கியிருக்கிறேன். உப்புக் கூடினதற்கு, கண்ணாடிக் குவளை உடைந்ததற்கு, சிரித்ததற்கு, சிரிக்காததற்கு. நான் வரவில்லை என்பதற்காக என்னை ஒருவர் ஏசியது இதுதான் முதல் தடவை.

றிஸ்மியா தேத்தண்ணீரோடு வந்து, “இரிங்க மாமி, முதல்ல குடிங்க” என்று சமாதானம் செய்யப் பார்த்தாள்.

“நீ சும்மா இரி மகள்” என்றேன். “அவ ஏசி முடிக்கட்டும்.”